சிரிப்பு விழுந்த இடம்

ரபாத், மொராக்கோ, 4 நவம்பர் 1974

இல்லை, யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் வந்தேன். நகைச்சுவை நாடகம் எழுதுகிறவளுக்குத் துனிசியத் தூதரகத்தில் என்ன வேலை என்று துனிஸில் கேட்டார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். கலாச்சாரச் செயலர். இரண்டு வருடம்.

முன்தர்தான் போகச் சொன்னான். பல்கலைக்கழக நாளிலிருந்து நான் எழுதுகிறேன், அவன் இயக்குகிறான். "போயிட்டு வா, பைத்தியமே. அங்க ஒரு மாசம் உக்காந்தா பத்து நாடகத்துக்குச் சரக்கு தேறும். உன் 'குழாய்' நாடகம் எங்கிட்ட பத்திரமா இருக்கும்."

திரை விலகும் முன் மேடைப் பலகையில் கழியால் மூன்று தட்டு. எப்போதும் அது என் வேலை. இனி யார் என்று கேட்டேன்.

"உன் கழிய எவனும் தொடமாட்டான்."

9 நவம்பர்

தூதரின் உரைக்கு நடுவே ஒரு வேடிக்கை எழுதிக் கொடுத்தேன். படித்தார். குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதம், மேடம். எடுத்துடுங்க."

22 ஜனவரி 1975

பல் தெரியாமல் சிரிக்கப் பழகிவிட்டேன்.

17 பிப்ரவரி

முன்தர் தொலைபேசியில் கத்தினான். 'குழாய்'க்குத் தணிக்கை அனுமதி கிடைத்துவிட்டது. நம்பவே முடியவில்லை. நாடகத்தில் ஓர் அமைச்சர், அவர் வண்டியின் பின்பெட்டியில் ஒரே ஒரு பித்தளைக் குழாய். ஊர் ஊராகச் சுவரில் மாட்டுவார், நாடா வெட்டுவார், கைதட்டு வாங்குவார், கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். இதற்கா அனுமதி?

"என்ன வெட்டினாங்க?"

"ஒரு வார்த்தகூட வெட்டல. சத்தியமா."

கடைசிக் காட்சியில் ஒரு விதவை பேசுவாள்: "தண்ணி வந்தா என் சமாதியில வந்து சொல்லுங்க. எந்திரிச்சு வந்து குடிக்கிறேன்." தண்ணீர்க் குழாய் போட அளவெடுக்க வந்த அதிகாரியிடம் என் அம்மா சொன்னது. கெஃப் மலைப்பக்கம் எங்கள் ஊர். அம்மா போய்விட்டாள். தண்ணீர் இன்னும் வரவில்லை. அந்த ஒரு வரியில் அரங்கம் வாயடைக்க வேண்டும். அதற்காகத்தான் அதுவரை அத்தனை சிரிப்பு.

30 மே

எங்கள் நாடகக் குழு இங்கே வருகிறது. தூதரக விழாவுக்கு 'குழாய்'! அழைப்பிதழை நானே எழுதினேன். ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்.

12 ஜூன்

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

எங்கள் நாட்டு ஆண்கள் வழக்கப்படி முன்தர் காதில் மல்லிகைச் செண்டு செருகியிருந்தான். இரு கன்னத்திலும் முத்தமிட்டான். "சிரி, தூதரம்மா." கழி அவன் கையில். மூன்று தட்டையும் நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு வார்த்தை மாறவில்லை. உண்மைதான். ஆனால் அமைச்சர் நெடிய அழகன், நிதானக் குரல், ஊருக்காக உருகுகிறார். ஊர்க்காரர்களுக்குத்தான் கோமாளியின் சிவப்பு மூக்கு. குழாயைப் பாம்பென்று பயந்து ஓடுகிறார்கள். விதவையாக எங்கள் குழுவின் ஸகியா, பின்புறத்தில் தலையணை கட்டிக்கொண்டு, தள்ளாடி வந்து அம்மாவின் வரியைச் சொன்னாள்.

அரங்கம் சிரிப்பில் வெடித்தது.

தூதருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மேடம், இதுல ஒண்ணும் எடுக்க வேண்டாம்!" அந்தப் பக்கம் இருந்த இவ்வூர் அதிகாரி: "உங்க பக்கத்து ஜனங்க இவ்வளவு வேடிக்கையானவங்களா?"

ஆசிரியரை மேடைக்கு அழைத்தார்கள். போனேன். குனிந்தேன். பல் தெரியாமல் சிரித்தேன்.

ஏன் போனேன்?

13 ஜூன்

காலையில் அவன் விடுதிக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்த மாத்தினேனா? சொல்லு."

"அது எங்கம்மா, முன்தர்."

"ஜனம் சிரிக்குது, துஜா. நீ எழுதினது காமெடிதானே?"

வசனம் எழுதிப் பிழைக்கிறவள் எழுந்து வெளியே வந்தேன்.

மாடிப்படியில் ஸகியா கையைப் பிடித்து இழுத்தாள். முகம் வீங்கியிருந்தது. "என் ஈரக்கொலையே, உனக்கு நெஜமாவே தெரியாதா? உன்ன இங்க அனுப்பச் சொன்னதே அவன்தான்டி. 'அவ இருந்தா ஒத்திகையிலயே கழிய உடைச்சிடுவா'ன்னு அமைச்சகத்துல போய்ச் சொன்னான். அதுக்குக் கூலியா, புது அரங்கத்துக்கு அவன்தான் இயக்குநர்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"உனக்கு?"

"தலையணைய யார் கட்டினா? நான்தான கட்டினேன்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. துனிஸ் ரயில் நிலையத்தில் அவன் என் பெட்டியைத் தூக்கி வைத்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு அக்கறையாக!

20 ஜூன்

பதவி விலகல். தூதருக்கு உண்மையாகவே வருத்தம். "வார்த்த ஒண்ணும் மாறலையே, மேடம்? அப்புறம் என்ன?"

காரணம் உடல்நலம் என்று போடச் சொன்னார். போட்டேன். நான் அங்கே கடைசியாக எழுதிய வேடிக்கை அதுதான். அதை அவர் எடுக்கச் சொல்லவில்லை.

8 செப்டம்பர், ஊரில்

பேருந்திலிருந்து ஸகியா இறங்கினாள். தலையணை இல்லை. சிவப்பு மூக்கு இல்லை. பைக்குள்ளிருந்து அந்தப் பித்தளைக் குழாயை எடுத்துக் காட்டினாள்.

"திருடிட்டியா?"

"சேச்சே. கழட்டிட்டு வந்தேன். அமைச்சர் மாதிரி."

பல மாதங்களில் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தேன். அவளை மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. 'குழாயை' இங்கேயே நடிக்கலாம் என்று அமைச்சர் வேஷத்தை அவளுக்கே கொடுத்தேன். விதவை நான்.

மாலை. சந்தைத் திடலில் ஒரு வண்டியைக் கவிழ்த்து மேடையாக்கினோம். ஊற்றிலிருந்து திரும்பிய பெண்கள் தண்ணீர்க் கேன்களோடு கழுதைகளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "என்னடி துஜா, உத்தியோகம் போச்சாமே?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

என் கழி துனிஸில். கழுதை ஓட்டுகிறவளின் குச்சியை வாங்கினேன். வண்டிப் பலகையில் மூன்று முறை தட்டினேன்.