சொந்தம் யாரும் உண்டா?

கிள்ளான்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி. நீ இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் ஒரு ரயில் தூரம்தான், போனும் போடலாம். ஆனால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய். கடிதத்தில் கத்த முடியாது பார்.

இங்கே மழை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அதே கனவுதான் வருகிறது. செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளை வேன் மெதுவாகப் போகிறது. சத்தமே இல்லை. சன்னலோரம் உன் அம்மா ஈரக் கூந்தலைக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுவது யாரென்று எட்டிப் பார்க்கிறேன், அதற்குள் முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் ஈரக் கூந்தல் வாசம் இருப்பது போலவே இருக்கும்.

வேன் நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அம்மா போன பிறகு, கேரி தீவிலிருந்து கிள்ளானுக்கு டயாலிசிஸ் செய்ய வருகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு சங்கம் நடத்துகிறோம். நான் தலைவர், ராஜன் செயலாளர். இருக்கிற வேன் படுகிழம். போன வாரம் பாதி வழியில் நின்றுவிட்டது. மாரியாயி அக்காவுக்கு அன்றைய டயாலிசிஸ் தவறிப்போய், கால் வீங்கி, மூச்சு வாங்கி... பார்க்க முடியவில்லை. உன் அம்மாவும் இப்படித்தானே வண்டி கிடைக்காமல்... சரி, விடு. அதைப் பேசித்தானே கருமாதி அன்று இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைச் சொன்னோம்.

புது வேன் நன்கொடையாகக் கேட்டு ராஜன் உங்கள் கம்பெனிக்கு எழுதிப்போட்டான். உன் கம்பெனி என்று தெரிந்தும் நான் மூச்சு விடவில்லை. விசாரிக்க லோகேஸ்வரி என்று ஒரு பிள்ளை வந்தது. தங்கமான பிள்ளை, ஆனால் என்னமாய் நோண்டுகிறது! பின்னால் கட்சி ஏதும் இருக்கிறதா, சொந்த வேலைக்கு வேனை எடுப்பீர்களா என்றெல்லாம் கேட்டது. கடைசியாக, எங்கள் கம்பெனியில் உங்களுக்குச் சொந்தம் யாரும் உண்டா அங்கிள் என்றது. தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே, யாருமில்லை என்றேன். வீம்பு, வேறென்ன?

நேற்று அந்தப் பிள்ளை மறுபடி வந்து நடந்ததைச் சொன்னது. நன்கொடைக் குழுவில் எங்கள் சங்கத்தின் பெயரைப் படித்ததும் நீ எழுந்து, அந்தத் தலைவர் என் அப்பா, நான் இதில் முடிவு சொல்வது முறையில்லை என்று வெளியே போய்விட்டாயாம். சொந்தம் இருந்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும், அது கம்பெனி விதி என்றது. விதியாவது ஒன்றாவது! என் அப்பா என்று சொன்னாய் என்பதைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. ஆபீஸில் அத்தனை பேர் முன்னால் நீ சொல்லிவிட்டாய். ஒற்றைப் பிள்ளை முன்னால் எனக்கு வாய் வரவில்லையே அம்மா.

சொந்தத்தை மறைத்தவர் தலைவராக இருக்கும் சங்கத்துக்குக் கொடுக்க முடியாது என்று அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னது. நியாயம்தானே. என்னால் மாரியாயி அக்கா வண்டியில்லாமல் கிடப்பதா? இன்று காலையே விலகிவிட்டேன், இனி ராஜன்தான் தலைவர். குழு புதிதாக விசாரிக்குமாம். கிடைக்குமா என்று தெரியாது. எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேசிவிடாதே.

நேற்று லோகேஸ்வரி கிளம்பும்போது, சொந்தம் யாரும் உண்டா என்ற அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேள் அம்மா என்றேன். கேட்டது. இருக்கு, என் மகள் ஷாமினி என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அந்தப் பிள்ளைதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது, பாவம்.

வேன் வந்தாலும் வராவிட்டாலும் வரும் சனிக்கிழமை நீ வா. பாசாரில் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன், நீ வந்து சமை. என் சமையலை நாய்கூடத் தொடாது. ஸ்டேஷனில் காலையிலிருந்தே நிற்பேன். வராவிட்டாலும் மகராசியாக இரு. ஆனால் வந்துவிடு அம்மா.

இந்தப் பதவியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத,
உன் அப்பா
இராமலிங்கம்