வலது இறக்கையில் ஆறு நட்டுகள்

என் பிரியத்துக்குரிய அண்ணே,

உன் வலது இறக்கையை வெட்டிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் வராது.

நீ போய் பதினொரு மாதம் ஆகிறது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் காலையிலிருந்தே நம் வீட்டு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. தகரக் கொட்டகைக்குள் உன் விமானம் ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் வெறும் எலும்பாகவும் கிடக்கிறது. கடைக்குப் போனால், "டீச்சர், பிளேன் எப்ப கெளம்புது? எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு போட்டு வைங்க" என்கிறார்கள். இரண்டு பேர் உட்காருகிற விமானத்தில் எல்லாமே ஜன்னல் சீட்டுதான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் இருப்புக்கொள்வதில்லை. மறுபடி கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

பட்டாளத்தில் இருபது வருஷம் விமானம் பழுதுபார்த்தவன் நீ. ஓய்வு பெற்று வந்ததும் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, வீட்டிலேயே ஒன்றைப் பூட்டப் போகிறேன் என்றாய். நான் சிரித்தேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? "ஏட்டி, நீ எதத்தான் நம்பியிருக்க?" என்று கேட்டாய். உன் மகள் கயல் விமானம் ஓட்டப் படிக்கப் போன பிறகு உன்னைத் தடுக்க ஆளில்லை. இதில் முதலில் ஏறப்போவது அவள்தான் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. அவளுக்காகத்தான், நீ போன பிறகு கொட்டகைச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். விமானத்தின் மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

வைகாசியில் இடது இறக்கைக்குத் துணி போர்த்தலாம் என்று உட்கார்ந்தேன். உன் குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, நீ எழுதிய வரிசையிலேயே போனேன். இறக்கைக்குள் இழுப்புக் கம்பிகளைத் தாங்குகிற ஆறு போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து நீ இழுத்த மஞ்சள் கோடு. முறுக்கி முடித்த பிறகுதான் அந்தக் கோடு. பின்னால் நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? சும்மாதான் ஸ்பேனரை வைத்தேன். நட்டு அரைச் சுற்று சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. ஆறில் நான்கு.

அன்றைக்கே குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பிறகுதான் நீ வேலை செய்த விதம் புரிந்தது. சாரல் நாளில் பெயிண்ட் காயாது, பால் பூத்ததுபோல வெளுத்துவிடும். அதனால் வெயில் எட்டிப்பார்த்த நாளில் பெயிண்ட் வேலை அத்தனையையும் முடித்துவிடுவாய். ஸ்பேனர் வேலை மழை நாளுக்கு. வெயிலைக் கண்டதும் நம் தெருவே மிளகாயையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுமே, அதுபோல நீ மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய். முறுக்காத நட்டுக்கும் கோடு போட்டிருக்கிறாய். "குறி வைத்தாச்சு" என்று போன ஆடியில் எழுதியிருக்கிறாய். "முறுக்கியாச்சு" என்று எழுத மறுபடி மழை வரவேண்டும். மழை வந்தது. அதற்குள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ திரும்பவில்லை.

இடது இறக்கை திறந்துதான் கிடந்தது, சரி. வலது? அதற்கும் முந்தைய ஆடியில் நீ வேலை பார்த்தது. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்திலும் "குறி வைத்தாச்சு" மட்டும்தான் இருந்தது. பிறகு அதற்குத் துணி போர்த்தி, மதினி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து விறைக்கவைத்து, நீ வெள்ளை அடித்து நீலப் பட்டையும் இழுத்து முடித்துவிட்டாய். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையது.

மூடுவதற்கு முன்னால், பூட்டியவன் அல்லாத இன்னொரு கண் பார்க்கவேண்டும் என்பது உன் பழக்கம். "வந்து பாரு. சந்தேகப்படுததுல டாக்டர் பட்டம் வாங்கினவ நீதானே" என்று கூப்பிட்டாய். மேஜையில் திருத்தாத விடைத்தாள்கள் கிடந்தன. வந்தேன், டார்ச் அடித்தேன். ஆறு மஞ்சள் கோடுகள், நேராக இருந்தன. கையெழுத்துப் போட்டேன். ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஊரில் எல்லாருடைய பேச்சுக்கும் ஆதாரம் கேட்கிறவள், உன் கோட்டிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை?

கயலுக்குப் போன் செய்தேன்.

"அத்தே, அப்பா முறுக்காம மூடியிருக்க மாட்டாங்க."

"அது உனக்குத் தெரியுமா, இல்ல அப்படி நெனைக்கியா?"

"வெட்டிப் பாருங்க" என்றாள். "ஆனா அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது."

துணியில் ஒரு வளையத்தை ஒட்டி, நடுவில் வட்டமாக வெட்டி, பார்த்த பிறகு மூடி போட்டுக்கொள்ளலாம். விமானம் கெடாது. பூச்சு கெடும். இதை மதினியிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

"அவுக முழுசா முடிச்சது அந்த ஒரு பக்கந்தான். அதுல போயி பிளேடு வைக்கணுங்கியே?"

"உள்ள நட்டு லூசா இருந்தா?"

"எப்படி இருக்கும்? நீதானே பாத்து கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன் மதினி. பாக்கல."

மதினி அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "அண்ணனும் தங்கச்சியுமா சேந்து எம்பிள்ளைய மேல அனுப்பப் பாத்தியளாக்கும்."

நீ இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

நேற்று வெட்டினேன். பிளேடு இறங்கியபோது மதினி கொட்டகை வாசலில்தான் நின்றாள். பிறகு உள்ளே வந்து என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டாள். தகரத்தின் மேல் மழை. முறுக்கு அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்குமே உன் ஸ்பேனர், அதை முதல் நட்டில் வைத்தேன். சுற்றவே இல்லை, டக். இரண்டாவது, டக். "நான் என்ன சொன்னேன்" என்பதுபோல மதினி என்னைப் பார்த்தாள். ஐந்து வரைக்கும் அப்படித்தான். ஆறாவது மூலைக்குள் இருந்தது, கையை மடக்கித்தான் நுழைக்கவேண்டும். ஸ்பேனர் போனது. போய்க்கொண்டே இருந்தது. முக்கால் சுற்றுக்குப் பிறகு டக்.

"இது சுத்திச்சோ?" என்று கேட்டாள்.

"ம்."

"கை எட்டியிருக்காது. நாளைக்குப் பாப்போம்னு நெனச்சிருப்பாக" என்றாள். பிறகு, "வெட்டின எடத்துல துணி தொளதொளன்னு ஆயிரும்லா. நானே தேச்சுத் தாரேன்" என்று இஸ்திரிப் பெட்டி எடுக்கப் போனாள்.

அண்ணே, உன் மேல் கோபப்பட்டேன். ராத்திரி பூராவும் கோபம் இருந்தது. காலையில் அது போய்விட்டது. மனுசன் மறப்பான் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உனக்கும் சேர்த்துத்தான் இன்னொரு கண் வேண்டும் என்று எழுதிவைத்தாய். நீ மறந்தது ஒரு நட்டை. பார்க்கவேண்டிய கண்ணே பார்க்காமல் போனதை எந்தக் கணக்கில் வைப்பது?

என் பழைய கையெழுத்தை அடித்துவிட்டேன். கிழிக்கவில்லை, கயல் படிக்கும்போது அதுவும் தெரியட்டும். நாளை வால் பகுதியைத் திறக்கிறேன். அதுவும் ஒரு ஆடியில் மூடியதுதான்.

பறப்பதற்கு அனுமதி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால், முதல் தடவை ஓட்டுகிறவர் மட்டும்தான் ஏறவேண்டுமாம். இரண்டாவது தடவை கயலுக்குப் பக்கத்து சீட்டில் நான் உட்காருவேன். இது பறக்கும் என்று இப்போதும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் எத்தனை வெயில் அடித்தாலும், முறுக்காத நட்டில் கோடு விழாது. விழுந்த கோட்டை ஸ்பேனர் வைக்காமல் நான் நம்பமாட்டேன், அது உன் கோடாகவே இருந்தாலும். இந்த வாக்கை மட்டும் என்னால் தரமுடியும்.

தாமதமாகப் பார்த்த இன்னொரு கண்,
உன் தங்கச்சி
செல்வி