நாற்பது தடவை தூக்கிய கை

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். மூன்று வயதில் என் பட்டறைக்குள் புகுந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டாயே, அன்றைக்கே நாலு பேர் முன்னால், இவள் இருந்த இடத்திலிருந்தே வைத்தியம் பார்ப்பாள் என்றேன். அந்த நாலு பேரும் வீடு மாறிப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் நீயே கேட்டுக்கொள்ளலாம்.

நீ செய்து போனில் அனுப்பிய பயிற்சி ஆப்பை என்னவென்று சொல்வேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன உன் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்தால் உன் குரல் வந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. அண்ணன் கைக்குப் பதில் தோளைத் தூக்கி ஏய்க்கப் பார்த்தால், "தோளை விடுங்கப்பா, கை மட்டும்" என்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, போனைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன். சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறு சொல்கிற எனக்கே விளங்கவில்லை. யார் சொல்லும் கேட்காத மனுஷன் உன் குரலுக்கு நிமிர்ந்து உட்காருகிறார். உன் அம்மா எட்டிப் பார்த்து, "நான் கட்டிக்கிட்ட நாள்லேருந்து கத்துறேன், ஒரு நாளாவது இப்படி உக்காந்தாரா" என்றாள். இரண்டாவது வாரமே நாற்பது தடவை என்று காட்டியதும், பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோதெரபி அம்மா வாயைப் பிளந்துவிட்டார். ஆனால் அந்த நாற்பதைப் பார்த்து உன் ஆப் அடுத்த படிக்கு ஏறி, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தூக்கச் சொல்கிறது. அண்ணனால் முடியவில்லை. "எனக்கு இனிமே வராதுடா, விட்டுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், நாலு நாளாக நாற்காலிக்கு வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்த நாற்பது உன் அப்பா தூக்கியது இல்லை. முதல் வாரம் இரண்டு மூன்றுதான் வந்தது, அந்தக் கணக்கை அங்கே தனியாக இருந்து பார்த்து நீ உடைந்துபோவாயே என்று, அவர் மதியம் தூங்கும்போது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்து தூக்கினேன். முடிந்ததும் உன் குரல், "சபாஷ்ப்பா, அசத்திட்டீங்க" என்றது. அவசரமாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். படுத்துவிடும் முன் அவருடைய சொந்தக் கணக்கு ஏழுவரை வந்திருந்தது. அதில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை, உன் அம்மாமேல் ஆணை. ஏழாவது தடவை விரல் நுனி காதைத் தொட்டது, நானும் உன் அம்மாவும் கண்ணால் பார்த்தோம். அதனால் உடனே பழைய படிக்கே இறக்கி, ஏழிலிருந்து ஆரம்பித்து வை. மறக்காமல் இன்னொன்றும் செய். இருபதுக்குக் கீழே உன் ஆப் பாராட்டுவதே இல்லை, ஏழுக்கும் சபாஷ் சொல்ல வை. உன் அப்பா அதை இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நோய் நொடி இல்லாமல் நீ நீடு வாழ வேண்டும்.

உன் சித்தப்பா