புதினாத் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு குல்சுன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் குட்டி பெர்மெத்துக்குப் பல் முளைத்துவிட்டதா?

இங்கே அல்மாத்தி நகரத்தில் மூலிகைத் தேநீர் பொட்டலம் போடும் வேலை நன்றாகவே போகிறது. நீங்கள் கொட்டகைக் கூரையில் காயவைத்து அனுப்பிய காட்டுப் புதினாவைச் சோதனை அறைப் பெண் தினாரா விளையாட்டாகச் சோதித்துப் பார்த்தாள். கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டு முழுக்கக் கிருமி பூத்துவிட்டது. "அக்கா, உங்கம்மா புதினாவோட ஆட்டையும் சேத்து அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"கொதிக்கிற தண்ணிதான ஊத்துவீங்க?" என்று கேட்டாள். மருந்துக் குணம் போய்விடும் என்று நாம் வெதுவெதுப்பாகத்தானே ஊற்றுவோம். வயிற்றுப்போக்கில் போன என் இன்னொரு குழந்தை அய்தாய்க்கும் அதைத்தான் கொடுத்தீர்கள் என்று அவளிடம் சொல்லாமல் பொட்டலம் போடப் போய்விட்டேன். அதனால்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் அங்கே இருந்திருந்தாலும் அப்படியேதான் கொடுத்திருப்பேன், அம்மா.

இரட்டையில் பெர்மெத் ஒருத்திதான் மிச்சம். கொடுக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள். தண்ணீரையாவது தளதளவென்று கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். அது ஆறும்வரை அழுதால் அழட்டும். தூக்கி வைத்துக்கொள்ள நான்தான் அங்கே இல்லை.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்
குல்சுன்