மலையில் என் மகளோடு இருந்தவர்

ஊர்காவற்றுறை. பங்குனி, கடைசி ஞாயிறு இரவு.

சுவிஸில் இருக்கும் மகள் ஜெனிற்றா பனிச்சறுக்கில் விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டாள். வேலைத்தல நண்பர்களோடு மலைக்குப் போனதே எங்களுக்குத் தெரியாது. பின்னேரம் நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் கோல் எடுத்தாள்.

"சொன்னால் பயப்பிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை, அப்பா."

அடிவாரத்தில் இப்போது புல்லும் பூவுமாம். மேலே மட்டும்தான் பனி. வெயிலில் அது இளகியதால் சறுக்குக் கட்டை புதைந்து, காலை முறுக்கிவிட்டது. நண்பர்கள் முன்னே போய்விட்டார்கள். மூடுபனியும் இறங்கியது. இவள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிறகுதான் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்திருக்கிறார். மேலிருந்து வருபவர்கள் இவள்மீது மோதாதபடி, தன் கட்டைகளைக் கழற்றிப் பனியில் குறுக்காக நட்டாராம். உதவிக்கு ஆட்களை அழைத்துவிட்டு, தன் ஜக்கெற்றை இவளுக்குப் போர்த்தி, அவர்கள் வரும்வரை அணைத்தபடியே இருந்தாராம்.

அவர் வராமல் இருந்திருந்தால்... எழுத மனம் வரவில்லை.

"அவ இன்னும் வீட்டை போகேல்லை, பாருங்கோ" என்று போனைத் திருப்பினாள். கதிரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. அவருடைய பாஷை எனக்குத் தெரியாது. கைகூப்பினேன். அவரும் கூப்பினார். என் பின்னால் நின்ற மனைவி அழுதுவிட்டாள்.

"கால் சுகமானால் வாற வருசமும் போவன், அப்பா."

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது.

"போ பிள்ளை. அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ" என்றேன்.