சைப்ரஸ் மரங்களும் கண்ணையன் வெட்டிய வரப்பும்

உறுவையாறு

அன்பு மகன் கிளாட்சனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. வில்லியனூர் மாதா புண்ணியத்தில் நான் சுகம், முட்டிவலிதான் மழைக்குக் கூடிக் குறைகிறது. அங்கே பிரான்ஸில் நீயும் மருமகளும் பிள்ளையும் குளிருக்கு இதமாக உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன், வேறு பேச்சே வாய்க்கு வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நட்டுவிட்டுப் போன சைப்ரஸ் மூன்றில் ஒன்று போய்விட்டதப்பா. நான் கவனிக்காமல் இல்லை. நீ சொன்னபடி மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட்டேன், நுனியை மட்டும் கத்தரித்தேன், உள்ளே பழுப்பான இடத்தில் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது என்று நீ சொன்னதால் அங்கே கை வைக்கவில்லை. மூன்றும் என்னைவிட உயரமாக வளர்ந்து நின்றன. அப்பா போன பிறகு சாயங்காலத்தில் என்ன செய்வது என்று தெரியாது, அவற்றின் அடியில் களை பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பிடுங்கக் களை இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

தீபாவளி கழித்துப் பெய்த மழையில் தோட்டமெல்லாம் முட்டியளவு தண்ணீர். எப்போதும் பக்கத்துக் கண்ணையன் நிலம் வழியாகத்தான் வாய்க்காலுக்கு வடியும். இந்த வருஷம் நாற்று விட்டிருந்ததால் அவர் வரப்பை உயர்த்திப் போட்டுவிட்டார். தண்ணீர் நம் பக்கமே நின்றது. சைப்ரஸ் வேருக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே. உனக்கு போன் போட்டேன், வேலையில் இருந்திருப்பாய், அடித்து அடித்து நின்றுவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீ மரம் நட்ட அன்று கண்ணையன் வந்து "கல்லறையில வெக்கிற மரத்த வூட்டாண்ட வெக்கிறியேப்பா" என்றதும், நீ "உங்க வேலையப் பாருங்க" என்றதும், அதோடு பேச்சு நின்றதும் உனக்குத் தெரியும். நீ பேசாத வீட்டில் நான் மட்டும் எப்படிப் பேசுவது என்று நானும் அந்தப் பக்கம் போகவில்லை. நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் அவர் மனைவி ஆண்டாள் குழம்பு தாளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வேறு வழியில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். கண்ணையனே எழுந்து வந்து "இன்னாக்கா, மழையில வந்து நிக்கிற, ஒரு கொரல் குடுத்தா வரமாட்டனா" என்றார். மரம் தண்ணீரில் நிற்கிறது என்று சொன்னேன். உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை வெட்டிவிட்டார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது.

காலையில் போய்ப் பார்க்கிறேன், அந்தத் தண்ணீர் அவர் நாற்றங்கால் மேலேயே ஓடிப் பாதி நாற்றை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. போகும் என்று தெரிந்துதான் வெட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்டாள்தான் கையைப் பிடித்து "நாத்து ஏம்பலம் ஊர்ல சொன்னா கெடைக்கும், நீ இத்தன நாளா வராம இருந்தியே, அத யாராண்ட போய்க் கேக்கறது" என்றாள்.

பள்ளத்தில் இருந்த மரம் மட்டும் அடியிலிருந்து பழுத்து நுனிவரை காய்ந்துவிட்டது. நேற்று கண்ணையன்தான் வந்து வெட்டினார். மற்ற இரண்டுக்கும் மழை விட்டதுமே கழி நட்டுக் கட்டி, அடியில் மணல் கலந்து மேடாக்கிக் கொடுத்தார். இப்போது நுனியில் பச்சை விடுகிறது.

உன்னை ஒன்று கேட்கிறேன், மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேசுவதற்கு முன்னால் கண்ணையனுக்குப் பேசு. மன்னிப்பு அது இது என்று நீட்ட வேண்டாம், மாமா என்று கூப்பிட்டாலே போதும். பிள்ளையை வெறுங்காலோடு விடாதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும்.

ஆண்டாள் சாப்பிடக் கூப்பிடுகிறாள், இதோடு முடிக்கிறேன். நேற்றும் அங்கேதான் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்ததா என்று கேட்டாள், பக்கத்தில் ஆள் இருந்ததில் ருசியைக் கவனிக்கவே இல்லை.

உன் அம்மா
செலின் மேரி