மடிப்புக்கு விட்ட துணி

மே 4

என் கரண்ட்டுக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். வயர் பிடிக்கிற கை நேரத்துக்குச் சாப்பிடுகிறதா? அவளை நிறுத்தப்போவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டேன். என் தையல்கடைச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுதான் பாக்கி. உங்கள் வேலை முடிகிறவரை மூன்று வருடம் குடும்பமாக அங்கே உங்களோடு இருக்கப்போகிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கு நிற்கிறேன். சமையலறையில் என்னென்ன இருக்கிறது? சன்னல் அளவு எழுதுங்கள், திரைச்சீலையை இங்கேயே தைத்துவிடுகிறேன். வழக்கம்போல "மூணு சாண், நாலு விரல்" என்று எழுதி என் உயிரை வாங்காதீர்கள்.

உங்கள் தையல்ராணி

மே 19

தையல்ராணிக்கு,

பெட்டியை நிரப்பாதே. குக்கர், மிக்சி, தாளிக்கிற கரண்டிவரை எல்லாம் இருக்கிறது. பருப்பு டப்பாகூட அடுப்புக்கு இடப்பக்கம், கைக்கு எட்டுகிற தட்டில். சன்னல் அகலம் 46 அங்குலம், உயரம் 52. மேல் மடிப்புக்கு நாலு, கீழே மூன்று விட்டுக்கொள். சுருக்கம் அழகாக விழ அகலத்தில் ஒன்றரை மடங்கு துணி எடு. டிக்கெட்டை மட்டும் அடுத்த மாதம் பார்ப்போம். வேலை நெருக்குகிறது.

உன் கரண்ட்டு

ஜூன் 2

என்னங்க,

அளவு கிடைத்தது. சொந்த வீட்டில் "உப்பு எங்கடி?" என்று தினமும் கத்தியவருக்குப் பருப்பு டப்பா இருக்கிற தட்டு தெரிகிறது. தனியாக இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மடிப்புக்குத் துணி விடுவதும், ஒன்றரை மடங்கு எடுப்பதும் தைக்கிறவர்கள் பேச்சு. உங்களுக்கு அது எப்படி வந்தது? அந்தச் சன்னலை யார் அளந்தது?

"அப்பா ஏம்மா டிக்கெட்டத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காரு?" என்று சின்னவள் கேட்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கடையை ஒருமுறை மூடினால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 20

தையல்ராணிக்கு,

உனக்குச் சந்தேகம் வந்தால் துப்பறிகிறவன் தோற்றுப்போவான். நான்தான் அளந்தேன். பக்கத்து அறைக்காரர் ஊர் மாறும்போது ஒரு பழைய மெஷினை விட்டுப்போனார். இரண்டு மாதமாகப் பொழுது போகாமல் மிதித்துப் பழகினேன். நீ வந்ததும் அசத்தலாம் என்று சொல்லவில்லை. நம்பாவிட்டால் போ, இதோ என் கையால் தைத்த தலையணை உறை. சின்னவளுக்குக் கொடு.

உன் கரண்ட்டு

ஜூலை 8

சின்னவளின் அப்பாவுக்கு,

உறை வந்தது. "அப்பாவே தச்சாராம்மா!" என்று கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். அவள் பள்ளிக்குப் போனதும் உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். விளிம்பை மடித்து இரட்டைத் தையல், ஒரு பிசிறு இல்லை. நாலு மூலையும் கத்தி மாதிரி திரும்பியிருக்கின்றன. என்னிடம் பழகுகிற பெண்களுக்கு அந்த மூலை வர இரண்டு வருடம் பிடிக்கும். இது மெஷினே கதியென்று வருடக்கணக்கில் உட்கார்ந்த ஒருத்தியின் கை. நன்றாகத்தான் தைக்கிறாள்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினேன். பள்ளியில் பேசிவிட்டேன், அவள் இங்கேயே படிப்பாள். கடைச் சாவி என்னிடமே இருக்கிறது.

நீங்களே கோணல்மாணலாக ஒன்று தைத்து அனுப்பியிருந்தால் நம்பியிருப்பேன். மறுநாளே கிளம்பியும் இருப்பேன்.

சின்னவளின் அம்மா